வைரஸோட அந்த ஒரு கை: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இதே பக்கத்துல டெங்கு பத்தி எழுதறப்ப, வைரஸ் தன்னைத்தானே காப்பி எடுத்துக்க ஆர்என்ஏ பாலிமரேஸ்னு ஒரு புரோட்டீன் வச்சிருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு போயிட்டேன். ஆர்என்ஏங்கறது இந்த மாதிரி வைரஸ் தன்னைப் பத்தின குறிப்பை எழுதி வச்சிருக்கற சங்கிலி, ஏ, யூ, ஜி, சி-ன்னு நாலு ரக எழுத்து கோத்தது. இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல அந்த ஒரு வரிக்குதான். முப்பது வருஷம் காலேஜ்ல மைக்ரோபயாலஜி நடத்தினவளுக்கு இதைவிட சந்தோஷம் வேற இல்ல, அதனால இந்த மாசம் பக்கம் முழுக்க அது ஒண்ணுதான்.

கேள்வி: மேம், நான் பி.எஸ்சி ரெண்டாவது வருஷம். வைரஸோட ஆர்என்ஏ பாலிமரேஸ் வலது கை மாதிரி இருக்கும்னு புக்ல போட்டிருக்கு. படத்தைப் பாத்தா கலர் கலரா ரிப்பன் சுத்தி வச்ச மாதிரிதான் இருக்கு, கை எங்கயும் தெரியல. எங்க அப்பா பட்டு நெசவு. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.
கல்லூரி மாணவி, ஆரணி

பதில்: பாப்பா, மொதல்ல அந்தப் படத்தை மூடி வை. ஒரு டம்ளர் எடுத்து வலது கையில டீ குடிக்கற மாதிரி புடி. நாலு விரல் ஒரு பக்கம் வளைஞ்சிருக்கு, கட்டைவிரல் எதிர்ப்பக்கம், நடுவுல உள்ளங்கை. இப்ப டம்ளரை மட்டும் உருவி எடுத்துடு, கையை அப்படியே வை. அந்தக் காலி இடத்துலதான் ஆர்என்ஏ உக்காருது. விரல், உள்ளங்கை, கட்டைவிரல்னு மூணு பகுதியா பேர் வச்சது இதுக்குதான். 1985-ல தாமஸ் ஸ்டைட்ஸ் லேப்ல ஒரு பாக்டீரியா டிஎன்ஏ பாலிமரேஸோட வடிவத்தைக் கண்டுபிடிச்சப்ப வந்த உவமை இது, அப்புறம் எந்த பாலிமரேஸ் கிடைச்சாலும் அதே பேர் ஒட்டிக்கிச்சு.

ஆர்என்ஏ வைரஸோட கையில ஒரு வித்தியாசம் இருக்கு. டிஎன்ஏ பாலிமரேஸ் கை கொஞ்சம் திறந்தாப்ல இருக்கும், இங்க விரல் நுனி நீண்டு வந்து கட்டைவிரலைத் தொட்டுக்கும், நீ சின்ன டம்ளரை இறுக்கிப் புடிச்சா தொடுமே அது மாதிரி. அதனால கை ஒரு வளையம் ஆயிடுது, வளையத்துக்குள்ள போக வர தனித்தனி வழி. பாத்து எழுத வேண்டிய பழைய ஆர்என்ஏ விரல் பக்கமா உள்ள இறங்கும், புது எழுத்துங்க பின்பக்கம் ஒரு குகை மாதிரி வழியா ஒண்ணொண்ணா வரும், சேர்ந்து முடிஞ்ச ஜோடி முன்பக்கமா வெளிய போகும்.

இப்ப உங்க வீட்டுத் தறிக்கு வா. மேல ஜக்கார்டு பெட்டி, அதுல அட்டை மாலை தொங்கும் இல்லையா? அப்பா ஒரு தடவை மிதிச்சா ஒரு அட்டை வந்து நிக்கும், அதுல எங்க ஓட்டை இருக்கோ அந்த இழை மட்டும் தூக்கும், ஊடை ஓடும், அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. பாலிமரேஸ் பண்றதும் அதேதான். பழைய ஆர்என்ஏ-ல ஒரு எழுத்து உள்ளங்கைக்கு நேரா வந்து நிக்கும், ஏ நின்னா யூ வரணும், ஜி நின்னா சி வரணும், சரியான ஜோடி வந்து உக்காந்ததும் உள்ளங்கை லேசா இறுகும், எழுத்து சங்கிலியில சேரும், ஆர்என்ஏ ஒரு எழுத்து நகரும். ஒரு விஷயத்துல மட்டும் தறியும் இதுவும் ஒத்து வராது. ஜோடி எழுத்தா எழுதறதால வர்றது நேர் காப்பி இல்ல, எதிர்க் காப்பி. அதைப் பாத்து இன்னொரு தடவை எழுதினாதான் ஒரிஜினல் திரும்ப வரும். அதனால எல்லா ஆர்என்ஏ வைரஸும் ரெண்டு சுத்து ஓட்டியே ஆகணும்.

முக்கியமான இடம் உள்ளங்கைதான். புரோட்டீன்ங்கறது அமினோ அமிலம்னு சொல்ற மணிங்க கோத்த மாலை, அதுல ஆஸ்பார்டேட்ங்கற ரகம் ரெண்டு அங்க ஒரு வளைவுல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கும். போலியோல கிளைசின்-ஆஸ்பார்டேட்-ஆஸ்பார்டேட்னு வரிசை, கொரோனால கிளைசின் இடத்துல செரின், ரேபிஸ்ல கடைசி ஆஸ்பார்டேட் மாறி ஆஸ்பராஜின். இந்த மாதிரி சின்னச் சின்ன மாத்தம் தவிர இவ்ளோ தூரத்து சொந்தமான வைரஸ் எல்லாத்துக்கும் உள்ளங்கை ஒரே அமைப்பு, எனக்கு இன்னிக்கும் இது ஆச்சரியம்தான். அந்த ஆஸ்பார்டேட்டும், கொஞ்சம் தள்ளி இருக்கற இன்னொரு ஆஸ்பார்டேட்டும் சேர்ந்து ரெண்டு மக்னீசியம் அயனைப் புடிச்சு வச்சிருக்கும். வர்ற எழுத்து முதுகுல மூணு பாஸ்பேட் சுமந்துகிட்டு வரும், மக்னீசியம் அதைச் சரியா நிறுத்தினதும் முதல் பாஸ்பேட் சங்கிலி நுனியோட ஒட்டிக்கும், மிச்ச ரெண்டும் கழண்டு போயிடும். அவ்ளோதான் வேதியியல், இதேதான் ஆயிரக்கணக்கான தடவை.

இன்னொண்ணும் உனக்குப் பிடிக்கும். புதுப் பாவு போடறப்ப பழைய பாவு நுனியில ஒவ்வொரு இழையா முறுக்கி ஒட்டிட்டுதான தறி ஓட்டுவாங்க? போலியோ பாலிமரேஸுக்கும் அப்படி ஒரு நுனி வேணும். அதுக்கு விபிஜின்னு 22 அமினோ அமிலம் மட்டும் உள்ள குட்டிப் புரோட்டீன் இருக்கு, அது மேல ரெண்டு யூ எழுத்தை ஒட்டி, அதையே நுனியா வச்சு ஆரம்பிக்கும். கொரோனா கதை வேற. அதோட ஆர்என்ஏ கிட்டத்தட்ட 30,000 எழுத்து, நடுவுல கை நழுவினா போச்சு. அதனால 932 அமினோ அமிலம் உள்ள என்எஸ்பி12-ங்கற கையோட, என்எஸ்பி7 ஒண்ணு, என்எஸ்பி8 ரெண்டு துணைக்கு நிக்கும், அந்த என்எஸ்பி8 ரெண்டும் நீளமா கம்பு மாதிரி நீட்டி வெளிய வர்ற ஆர்என்ஏ-வை ரெண்டு பக்கமும் தாங்கிப் புடிக்கும்.

கேள்வி: மேடம், எனக்கு டெங்கு வந்தப்ப டாக்டரு இதுக்குன்னு தனியா மருந்து கிடையாது, தண்ணி, கஞ்சி குடி, ரெஸ்ட் எடுன்னு சொல்லிட்டாரு. இவ்ளோ விஷயம் தெரிஞ்சி வச்சிகினு கீறாங்க, அந்த பாலிமரேஸ நிறுத்த ஒரு மாத்திரை இன்னாத்துக்கு இன்னும் வரல?
ஆட்டோ ஓட்டுநர், ஆற்காடு

பதில்: தம்பி, நியாயமான கேள்வி. உங்க டாக்டர் சொன்னது சரிதான், அதையும் மொதல்லயே சொல்லிடறேன்.

நம்ம செல்லு டிஎன்ஏ-வைப் பாத்து ஆர்என்ஏ எழுதும். ஆர்என்ஏ-வைப் பாத்து வைரஸுக்கு வேணுங்கற நீளத்துக்கு ஆர்என்ஏ எழுதற வேலைக்கு நம்மகிட்ட ஆளே இல்ல. அதனால ஆர்என்ஏ வைரஸ் அந்தக் கையைத் தானே கொண்டு வரணும், இல்ல உள்ள வந்ததும் செஞ்சுக்கணும். டெங்கு ரெண்டாவது ரகம். அதோட ஆர்என்ஏ சுமார் 10,700 எழுத்து, நம்ம செல்லு அதைத் தன்னோட ஆர்டர்னு நினைச்சு நேரா படிச்சு புரோட்டீன் செஞ்சு குடுத்துடும், அதுல ஒண்ணு என்எஸ்5, அதோட பின்பாதிதான் பாலிமரேஸ். ரேபிஸ் முதல் ரகம். அதோட ஆர்என்ஏ எதிர் எழுத்துல இருக்கு, செல்லால படிக்க முடியாது, அதனால எல் புரோட்டீன்னு 2,100-க்கும் மேல அமினோ அமிலம் உள்ள பெரிய பாலிமரேஸை உள்ளயே கட்டி எடுத்துட்டு வருது. ரேபிஸ் குடும்பத்துலயே மாட்டுக்கு வாயில கொப்பளம் போடற ஒரு வைரஸ் உண்டு, அதுக்குள்ள பாலிமரேஸ் இருக்குன்னு 1970-ல டேவிட் பால்டிமோர் குழு கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் அவரும் ஹோவர்ட் டெமினும் தனித்தனியா, ஆர்என்ஏ-வைப் பாத்து டிஎன்ஏ எழுதற வேற ஒரு கையையும் கண்டுபிடிச்சாங்க, 1975-ல நோபல் பரிசு. எச்ஐவி வச்சிருக்கறது டிஎன்ஏ எழுதற அந்தக் கைதான். 1986-ல இந்தியாவுல முதல்முதலா எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சப்ப, சென்னையில எடுத்த ரத்தத்தை டெஸ்ட் பண்ணினது நம்ம வேலூர் சிஎம்சியிலதான்.

நம்மகிட்ட இல்லாத கைங்கறதால அதைக் குறி வச்சு அடிக்கலாம், நம்ம செல்லுக்கு அதிகம் அடிபடாது. கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் சி-க்கு இது ஜெயிச்சுது. 2013-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச சோஃபோஸ்புவிர், எழுத்து மாதிரியே வேஷம் போட்டு உள்ள போய் சங்கிலியை அங்கயே நிறுத்திடும். கூட இன்னொரு மருந்தும் சேத்து பெரும்பாலும் 12 வாரம் குடுத்தா பத்துல ஒம்பது பேருக்கு மேல வைரஸே போயிடுது. நாள்பட்ட நோய்க்கு இப்படி ஒரு முடிவு கிடைச்சது சின்ன விஷயம் இல்ல.

டெங்குல சிக்கல் நேரம். ஜுரம் வந்து நீங்க ஆஸ்பத்திரி போறதுக்குள்ள வைரஸ் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிச்சிருக்கும், அதுக்கப்புறம் வர்ற ஆபத்து பெரும்பாலும் ரத்தக்குழாய்லேர்ந்து நீர் கசியறதால. கையைக் கட்டறதுக்குள்ள கை வேலையை முடிச்சிடுது. பாலாபிராவிர்னு ஹெபடைடிஸ் சி-க்காக செஞ்ச ஒரு பாலிமரேஸ் மருந்தை வியட்நாம்ல டெங்கு நோயாளிகளுக்குக் குடுத்துப் பாத்தாங்க, பலன் தெரியல. முயற்சி இன்னும் நடக்குது. அதுவரைக்கும் தண்ணி, ஓஆர்எஸ், டாக்டர் சொன்ன அளவுல பாராசிட்டமால். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மட்டும் வேண்டவே வேண்டாம், மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க.

கேள்வி: அம்மா, என் குழந்தைக்கு ஒன்றரை மாசம் ஆகுது. நர்ஸம்மா ரோட்டா சொட்டு மருந்து போடணும்னு சொல்றாங்க. எங்க மாமியார் பச்சைக் குழந்தைக்கு எதுக்கு இத்தனை மருந்துன்னு சொல்றாங்க. ரோட்டாவும் நீங்க எழுதின அதே மாதிரி வைரஸா?
ஒரு இளம் தாய், வாலாஜாபேட்டை

பதில்: போட்டுடுங்கம்மா. மாமியார்கிட்ட கோவமா சொல்ல வேண்டாம், அவங்க குழந்தை மேல இருக்கற பாசத்துலதான் கேக்கறாங்க. அந்தக் காலத்துல வாந்தியும் வயித்துப்போக்கும் ஒரே ராத்திரியில குழந்தையைக் கொண்டு போனதை அவங்களே பாத்திருப்பாங்க, பேச்சுக்குப் பேச்சு அதைக் கேளுங்க, அவங்களே சொல்வாங்க. அதுல நிறைய ரோட்டாதான், பேர் மட்டும் அப்ப யாருக்கும் தெரியல.

ரோட்டாவோட பாலிமரேஸ்தான் எனக்கு இருக்கறதுலயே ரொம்பப் பிடிச்சது. அதுக்கு விபி1-னு பேர். விரல், உள்ளங்கை, கட்டைவிரல் எல்லாம் உண்டு, ஆனா அதைச் சுத்தி முன்னாலயும் பின்னாலயும் இன்னும் ரெண்டு பகுதி மூடியிருக்கறதால கிட்டத்தட்ட கூண்டு மாதிரி இருக்கும், அந்தக் கூண்டுக்கு நாலு சுரங்க வழி. இந்த வைரஸுக்கு மூணு அடுக்கு ஓடு. குடல் செல்லுக்குள்ள போறப்ப வெளி ஓடு மட்டும் கழண்டுடும், மிச்ச ரெண்டு ஓடும் கடைசி வரைக்கும் பிரியாது. உள்ள 11 துண்டு இரட்டை இழை ஆர்என்ஏ, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாலிமரேஸ், எல்லாம் மூடின கதவுக்குள்ளயே ஒரே நேரத்துல வேலை பண்ணும், எழுதி முடிச்ச ஒற்றை இழை மட்டும் ஓட்டுல இருக்கற துவாரம் வழியா வெளிய வரும். ஏன் இவ்ளோ ஒளிவு மறைவுன்னா, இரட்டை இழை ஆர்என்ஏ-வைப் பாத்தா நம்ம செல்லு உடனே திருடன் வந்துட்டான்னு கத்தும். அதனால அதை வெளிய காட்டவே காட்டாது.

ரோட்டாவுக்குன்னு பாலிமரேஸ் மருந்து எதுவும் இப்ப நம்ம கையில இல்ல. வந்தா ஓஆர்எஸ்ஸும், டாக்டர் சொல்ற துத்தநாக மாத்திரையும்தான், வராம தடுக்கறதுக்கு சொட்டு மருந்துதான். நம்ம நாட்டு மருந்தான ரோட்டாவாக்குக்கு மூலமான வைரஸ் டெல்லி எய்ம்ஸ்ல பொறந்த குழந்தைங்ககிட்டேர்ந்து எடுத்தது, அதைப் பெரிய அளவுல சோதிச்ச மூணு ஊரு டெல்லி, புனே, வேலூர். மூணு ஊர்லயும் சேத்து 6,799 குழந்தைங்க, 2014-ல முடிவு வெளியாச்சு, கடுமையான ரோட்டா வயித்துப்போக்கைப் பாதிக்கு மேல குறைச்சுதுன்னு. நம்ம ஊரு அம்மாக்கள் நம்பிக் குழந்தையைத் தூக்கிட்டு வந்து நின்னதால கிடைச்ச பதில் அது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம், வாயில விடற சொட்டு, ஊசி இல்ல. தேதி தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: மேடம், கொரோனா இத்தனை தடவை உருமாறுச்சு, எந்த வைரஸும் தப்பு பண்ணாம ஒரே மாதிரி காப்பி எடுத்தா அதுக்கு நல்லதுதானே, ஏன் மாறிட்டே இருக்கு?
மளிகைக் கடைக்காரர், வாணியம்பாடி

பதில்: நல்லதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. இந்தக் கை சுமாரா பத்தாயிரத்துலேர்ந்து லட்சம் எழுத்துக்கு ஒரு தப்பு பண்ணும். போலியோ ஆர்என்ஏ சுமார் 7,500 எழுத்து, அப்ப சில காப்பிக்கு ஒரு தப்பாவது விழுந்துடும். கொரோனா நாலு மடங்கு நீளம், இதே வேகத்துல தப்பு பண்ணினா சீக்கிரமே அழிஞ்சிடும், அதனால என்எஸ்பி14-னு தப்பு எழுத்தை வெட்டி எடுக்கற ஒரு திருத்தக்காரனைக் கூடவே வச்சிருக்கு. அப்படியும் உருமாறுதுன்னா, காரணம் கோடிக்கணக்கான பேர் உடம்புல ஓயாம காப்பி ஓடினது.

உங்க கேள்விக்கு நேரா பதில் போலியோல கிடைச்சுது. ரிபாவிரின்ங்கற மருந்துக்குத் தாங்கற ஒரு போலியோ வைரஸை 2003-ல கண்டுபிடிச்சாங்க, அதோட பாலிமரேஸ்ல 64-ஆவது இடத்துல கிளைசின் போய் செரின் வந்திருந்துச்சு. ஒரே ஒரு மாத்தம், அதுவும் உள்ளங்கையை விட்டு ரொம்பத் தள்ளி, ஆனா கை முன்னைவிட கவனமா எழுத ஆரம்பிச்சிடுச்சு. அதை எலிக்குள்ள விட்டுப் பாத்தா, வைரஸுக்கு பலம் கம்மியாயிருந்துச்சு. ரகம் ரகமா கூட்டம் இருந்தாதான் அதுல ஒண்ணு குடலைத் தாண்டி, ஒண்ணு ரத்தத்தைத் தாண்டி, ஒண்ணு நரம்புக்குள்ள போகும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எங்கயோ ஒரு இடத்துல மாட்டிக்குது.

கேள்வி: அம்மா, எனக்கு 70 வயசு. போலியோ சொட்டு மருந்துல உயிருள்ள வைரஸ் இருக்குன்னு பேரன் சொல்றான். நீங்க சொல்ற மாதிரி அதுவும் மாறிடாதா?
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி

பதில்: ஐயா, உங்க பேரன் சொல்றது உண்மை. நீங்க பயப்படறதுலயும் அர்த்தம் இருக்கு. ஒரு விஷயம் சொல்லிட்டு பதிலுக்கு வரேன்.

எங்க அண்ணனுக்கு ஒன்றரை வயசுல போலியோ. ராத்திரி ஜுரம், காலையில எழுந்தா வலது காலை ஊன முடியல, அவ்ளோதான் கதைன்னு எங்க அம்மா சொல்வாங்க. இரும்பு கேலிப்பர், அதுக்குத் தோல் பட்டை அறுந்துட்டே இருக்கும், அப்பா ராணிப்பேட்டைக்கு எடுத்துட்டுப் போய் தெச்சு வாங்கிட்டு வருவார். படியில அந்த இரும்பு இடிக்கற சத்தத்தை வச்சே அண்ணன் வந்துட்டான்னு நாங்க சோறு எடுத்து வைப்போம். நான் இந்தப் படிப்புக்கு வந்ததுக்கு அந்தச் சத்தம்தான் காரணம்.

சொட்டு மருந்துல இருக்கறது வீரியம் கொறைச்ச வைரஸ். தடுப்பூசி நிறையப் பேர் போடாத இடத்துல அது ஆள் விட்டு ஆள் மாசக்கணக்கா ஓடினா, பாலிமரேஸ் பண்ற தப்பு சேர்ந்து சேர்ந்து பழைய வீரியம் திரும்பலாம். அபூர்வம், ஆனா உண்டு. எழுதறப்ப பாதியில ஒரு ஆர்என்ஏ-வை விட்டுட்டு பக்கத்துல இருக்கற வேற வைரஸோட ஆர்என்ஏ-வுக்குத் தாவற பழக்கமும் இந்தக் கைக்கு உண்டு, அதனாலயும் மாறும். இதைத் தெரிஞ்சுகிட்டுதான் ரெண்டாம் ரகப் போலியோவுக்குப் புது சொட்டு மருந்து ஒண்ணு செஞ்சாங்க. அதோட பாலிமரேஸ்ல ரெண்டே இடத்தை மாத்தினாங்க, 53-ஆவது இடத்து மாத்தம் தப்பைக் குறைக்க, 38-ஆவது இடத்து மாத்தம் தாவலைக் குறைக்க. வேற இடத்துலயும் பூட்டு போட்டிருக்காங்க, பாலிமரேஸ் அதுல ஒரு பங்கு. 2020 நவம்பர்ல உலக சுகாதார நிறுவனம் அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதி குடுத்துச்சு, பரவல் வந்த நாடுகள்ல நூறு கோடி டோசுக்கு மேல போட்டாச்சு. வாணியம்பாடிக்காரருக்கு மேல சொன்னேனே, கவனமா எழுதற கை வைரஸை பலவீனமாக்கும்னு, அந்த அறிவு அப்படியே குழந்தை வாய்க்குள்ள ரெண்டு சொட்டா போகுது.

நம்ம நாட்டு விஷயம் என்னன்னா, 2016 ஏப்ரல்லயே சொட்டு மருந்துலேர்ந்து ரெண்டாம் ரகத்தை எடுத்துட்டாங்க, கூடவே செத்த வைரஸ் ஊசியும் போடறாங்க. 2011 ஜனவரியில ஹவுராவுல ஒரு குழந்தைக்கு வந்ததுதான் இந்தியாவோட கடைசி இயற்கைப் போலியோ. சிஎம்சி டாக்டர் டி. ஜேக்கப் ஜான் நம்ம குழந்தைங்களுக்கு மூணு தடவை சொட்டு மருந்து பத்தாதுன்னு வேலூர்ல பாத்துப் பாத்து எடுத்துச் சொன்னவர், அவர் பேச்சைக் கேக்க ஊருக்கு ரொம்ப நாள் ஆச்சு. வீட்டுக் குழந்தைங்களுக்குத் தைரியமா போடச் சொல்லுங்க ஐயா.

கேள்வி: 2021-ல கொரோனா வந்த எங்க அப்பாவுக்காக ரெம்டெசிவிர் மருந்து தேடி ரெண்டு நாள் அலைஞ்சேன். கிடைச்சுது, ஆனா அப்பா இல்ல. அந்த மருந்து உண்மையிலேயே என்ன பண்ணுச்சு?
வாசகர், சத்துவாச்சாரி

பதில்: தம்பி, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அந்த மருந்து ஏ எழுத்து மாதிரி வேஷம் போட்டது. பாலிமரேஸ் அதை எடுத்து சங்கிலியில சேத்துடும், உடனே நிக்காது, இன்னும் மூணு எழுத்து சேக்கும், அப்புறம் மருந்துல நீட்டிட்டு இருக்கற ஒரு சின்னக் கொம்பு என்எஸ்பி12-ல 861-ஆவது இடத்து செரின்ல போய் முட்டிக்கும், கை சிக்கி நிக்கும். மூணு எழுத்து தாண்டி உள்ள மறைஞ்சிருக்கறதால திருத்தக்காரனாலயும் சுலபமா வெட்ட முடியாது. அழகான யோசனை. ஆனா காப்பி மும்முரமா ஓடற முதல் சில நாள்ல குடுத்தாதான் அது வேலைக்கு ஆகும். ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு ஆரம்பத்துலயே மூணு நாள் ஏத்தினப்ப ஆஸ்பத்திரியில சேர்ற நிலைமை 87 சதவீதம் கொறைஞ்சுது, வென்டிலேட்டர் வரைக்கும் போனவங்களுக்குப் பலன் தெரியல. அந்தக் கட்டத்துல உடம்பை வருத்தறது வைரஸைவிட நம்ம எதிர்ப்பு சக்தியோட கொந்தளிப்புதான். நீங்க ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தாலும் அப்பா பொழைச்சிருப்பார்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை மனசுல போட்டுட்டே இருக்காதீங்க.

கேள்வி: எங்க ஸ்கூல் பசங்களுக்கு இந்தக் கையை நேர்ல காட்ட வழி இருக்கா?
அரசுப் பள்ளி ஆசிரியை, குடியாத்தம்

பதில்: இருக்கும்மா, காசு இல்லாம. புரோட்டீன் டேட்டா பேங்க்னு இன்டர்நெட்ல ஒரு இடம் இருக்கு, உலகத்துல கண்டுபிடிச்ச புரோட்டீன் வடிவங்களை அங்கதான் போட்டு வைக்கறாங்க, போன்லயே திறக்கும். 6எம்71-னு இங்கிலீஷ்ல அடிச்சா கொரோனாவோட என்எஸ்பி12, 2020-ல போட்டது. 1ஆர்டிஆர்-னு அடிச்சா போலியோ, 1997-ல வந்தது, ஆர்என்ஏ-வைப் பாத்து ஆர்என்ஏ எழுதற பாலிமரேஸ்லயே முதல்ல வடிவம் தெரிஞ்சது அதுதான். விரலால சுத்தி சுத்திப் பாக்கலாம். மொதல்ல பசங்க கையில ஆளுக்கொரு டம்ளர் குடுத்துடுங்க, அப்புறம் போனைக் காட்டுங்க. கொரோனாவுல 760, 761 ரெண்டு நம்பரையும் தேடச் சொல்லுங்க, உள்ளங்கை ஆஸ்பார்டேட் ரெண்டும் அங்கதான் இருக்கு. ஆரணிப் பாப்பா, நீயும் தேடிப் பாத்துட்டு எழுது.